அறுபது ஆண்டு வயல் பதிவேடுகளும் என் பிழைகளும்

மேற்கு மாவட்டம் ஒன்றில் இருக்கும் சிறிய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் நிரந்தர உரப் பரிசோதனையின் பொறுப்பு என்னிடம் வந்த அன்று, மாற்றலாகிப் போகும் அலுவலர் ஒரு பேனா டிரைவைக் கையில் கொடுத்து, அறுபது ஆண்டு விவரமும் இதில் இருக்கிறது என்றார். கூடவே ஒரு சாவிக்கொத்தும் வந்தது. அதில் துருப்பிடித்த ஒரு சாவி எந்தப் பூட்டுக்கு உரியது என்று கேட்டேன். பின்னறையில் ஓர் இரும்பு பீரோ நிற்கிறது, அதில் பழைய காகிதக் குப்பைதான், அடுத்த கழிவு ஏலத்தில் போய்விடும் என்றார். பேனா டிரைவில் இருந்தது ஒரே ஓர் எக்செல் கோப்பு. பீரோவில் இருந்தவை நூற்றுக்கும் மேற்பட்ட வயல் பதிவேடுகள். இவற்றில் எது தரவு, எது குப்பை என்பதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு என் முதல் இரண்டு ஆண்டுகளை வீணாக்கினேன்.

நிரந்தர உரப் பரிசோதனை என்பது, ஒரே நிலத்தை நிலையான பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொரு பாத்திக்கும் ஒரே வகை உர முறையை ஆண்டுதோறும் மாற்றாமல் கொடுத்து, விளைச்சலும் மண்ணும் எப்படிப் போகின்றன என்று தலைமுறைக் கணக்கில் பார்ப்பது. ஒரு பாத்திக்குத் தொழு உரம் மட்டும், இன்னொன்றுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) மட்டும், வேறொன்றுக்குத் தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) மூன்றும், ஒன்றுக்கு எதுவுமே இல்லை. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் பிராட்பால்க் என்னும் வயலில் 1843 இல் தொடங்கிய கோதுமைப் பரிசோதனை இன்றும் நடக்கிறது. இந்தியாவில் கான்பூரில் 1885, பூசாவில் 1908, கோயம்புத்தூரில் 1909 என்று அடுத்தடுத்துத் தொடங்கின. 1970 இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 11 மையங்களில் நீண்டகால உரப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. எங்களுடையது இவற்றோடு ஒப்பிடச் சிறியது. 1950களில் தொடங்கி, கேழ்வரகை முதன்மைப் பயிராகக் கொண்டு, எல்லா உர முறைகளும் ஒவ்வொன்றிலும் ஒருமுறை வரும்படியான நான்கு தொகுதிகளாக நடந்துவந்தது. ஆனாலும் ஒரு வயலில் அறுபது ஆண்டு தொடர்ச்சி என்பதைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. இன்று தொடங்கினால் அந்த வயதை எட்ட அறுபது ஆண்டுகள் ஆகும்; நடுவில் பத்து ஆண்டுகளின் விவரம் தொலைந்தால், அந்தப் பத்து ஆண்டுகளைத் திரும்ப விதைக்கவும் முடியாது.

பேனா டிரைவில் இருந்த கோப்பைப் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. ஆண்டுக்கு ஒரு வரிசை, உர முறைக்கு ஒரு பத்தி, எண்கள் எல்லாம் இரண்டு தசம இடங்களில், தலைப்புக்கு நீல வண்ணம். அதை வைத்து வரைபடம் போட்டு, ஒரு கருத்தரங்கில் காட்டியும் விட்டேன். கேள்வி நேரத்தில் ஒரு மூத்த பேராசிரியர், "நான்கு தொகுதிகள் என்கிறீர்கள், தொகுதிவாரி எண்கள் எங்கே?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எனக்கு முன் யாரோ ஒருவர் நான்கு தொகுதிகளின் விளைச்சலைக் கூட்டி நான்கால் வகுத்துச் சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை விட்டுவிட்டிருந்தார். சராசரியிலிருந்து மூல எண்களுக்குத் திரும்பிப் போக வழி கிடையாது. சோற்றைத் திரும்ப அரிசியாக்க முடியாதது போலத்தான். அன்று ஊர் திரும்பியதும் பீரோவைத் திறந்தேன்.

அடித்தட்டில் கரையான் ஏறி ஏழெட்டுப் பதிவேடுகளின் அட்டைகளைத் தின்றிருந்தது. மேல்தட்டுகளில் ராமபாணப் பூச்சி ஓட்டை போட்டிருந்தாலும் எழுத்து படிக்கக் கிடைத்தது. நல்ல துணி அட்டை போட்ட நீள நோட்டுகள். பக்கத்தின் இடப்புறம் பாத்தி எண், உழவுத் தேதி, நடவுத் தேதி, உரமிட்ட தேதி, அறுவடை, தானியம், தட்டை என்று கட்டம் கட்டமாக மையில் எழுதியிருந்தார்கள். வலப்புற ஓரத்தில், கட்டங்களுக்கு வெளியே, பென்சிலில் கிறுக்கல்கள். "12ஆம் பாத்தி தென்மூலையில் தண்ணீர் நின்றது." "இரண்டாம் களை எடுக்கவில்லை, ஆள் வரவில்லை." "மயில் மேய்ந்தது, கிழக்கு வரிசை." "தராசு கெட்டுவிட்டது, பக்கத்துக் கிடங்கில் எடை போட்டது." நீல வண்ணத் தலைப்புப் போட்ட கோப்பில் இவற்றில் ஒரு சொல்லும் இல்லை. அந்தக் கோப்பில் ஓர் ஆண்டு முழு உரம் பெற்ற பாத்தியின் விளைச்சல் திடீரென்று பாதியாகக் குறைந்திருந்ததை மழையின்மை என்று கருத்தரங்கில் விளக்கியிருந்தேன். பென்சில் குறிப்பு வேறு கதை சொன்னது: வாய்க்கால் உடைந்து, மேலிட்ட உரம் பக்கத்துப் பாத்திக்கு அடித்துக்கொண்டு போயிருந்தது. அந்தப் பக்கத்துப் பாத்தி உரமிடாத பாத்தி. அதன் விளைச்சல் அந்த ஆண்டு உயர்ந்திருந்ததையும் நான் கவனிக்காமல் விட்டிருந்தேன்.

இந்தப் பதிவேடுகளை முன்பே ஒருமுறை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தார்கள் என்பது பின்னால் தெரிந்தது. கறுப்பு வெள்ளை நகல். பென்சில் எழுத்து பாதி விழவில்லை; சிவப்பு மையும் நீல மையும் ஒரே கறுப்பாகிவிட்டன. சிவப்பில் எழுதியவை பின்னால் சரிபார்த்துத் திருத்திய எண்கள் என்பதால், நகலைப் பார்ப்பவருக்கு எது முதலில் எழுதியது, எது திருத்தம் என்று பிரிக்கவே இயலாது. ஆகவே நாங்கள் எடுத்தபோது ஒவ்வொரு பக்கத்தையும், வெற்றுப் பக்கத்தையும் அட்டையின் உட்புறத்தையும் விடாமல், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில் வண்ணத்தில் எடுத்தோம். பதிவேட்டின் முதுகை அறுத்து ஸ்கேனரில் போட்டால் வேலை விரைவாகும் என்று கடைக்காரர் சொன்னதற்கு ஒப்பவில்லை. மேலிருந்து படமெடுக்கும் முறையில் மூன்று மாதம் ஆனது. கோப்பின் பெயரில் பதிவேட்டு எண்ணையும் பக்க எண்ணையும் சேர்த்தோம். பிற்பாடு யாருக்காவது ஓர் எண்ணில் ஐயம் வந்தால் அரை நிமிடத்தில் மூலப் பக்கத்தைத் திறந்து பார்க்க முடிவது இந்த ஒரு ஏற்பாட்டால்தான்.

அதன் பிறகுதான் தட்டச்சு. இதில் நான் செய்த தவறுகளைச் சொன்னால் பிறருக்கு மிச்சமாகும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் பாத்திகளுக்குத் தொகுதி எண்ணும் வரிசை எண்ணும் சேர்த்து "3-4", "2-11" என்று பெயர். அதை அப்படியே எக்செல்லில் அடித்தபோது, அது தானாகவே மூன்றாம் தேதி ஏப்ரல், இரண்டாம் தேதி நவம்பர் என்று மாற்றிக்கொண்டது. அது உடனே பார்வைக்குச் சிக்கவும் இல்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் கண்டோம். அன்றிலிருந்து பாத்தி எண்ணை "தொ3பா04" என்பது போல எழுத்தும் எண்ணும் கலந்து, எந்த மென்பொருளும் தேதி என்று நினைக்க முடியாதபடி எழுதுகிறோம். தேதியையும் ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று தனிப் பத்திகளாகப் பிரித்துவிட்டோம்.

அடுத்தது சுழியம். பதிவேட்டில் சில கட்டங்களில் சிறு கோடு, சிலவற்றில் "இல்லை", சிலவற்றில் வெற்றிடம், சிலவற்றில் 0. தட்டச்சு செய்த தம்பி எல்லாவற்றையும் 0 என்று அடித்துவிட்டார். பயிர் முழுதும் காய்ந்து ஒரு பிடி தானியமும் கிடைக்காத பாத்திக்குச் சுழியம் என்பது உண்மையான விளைச்சல். அறுவடை செய்தும் எடை எழுத மறந்த பாத்திக்குச் சுழியம் என்பது பொய். இந்த இரண்டும் ஒரே சராசரியில் கலந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு மாற்றாக -9999 என்று போடலாம் என்று ஒருவர் யோசனை சொல்ல, அதையும் செய்து பார்த்தோம். ஒரு மாணவர் அதைக் கவனிக்காமல் கூட்டி, எங்கள் நிலையத்தில் கேழ்வரகு ஹெக்டேருக்கு மைனஸ் கிலோவில் விளைந்ததாகக் காட்டினார். இப்போது எண் இல்லாத கட்டத்தை வெற்றிடமாகவே விட்டு, பக்கத்தில் "காரணம்" என்று ஒரு பத்தி வைத்திருக்கிறோம்.

மூன்றாவது பிழை முழுக்க என்னுடையது. ஒரு பாத்தியின் விளைச்சல் மற்ற மூன்று தொகுதிகளைவிட மிக அதிகமாக இருந்தது. எழுத்துப் பிழை என்று முடிவுகட்டி, 1 ஐ 7 என்று படித்துவிட்டோம் போலும் என்று எண்ணி, கோப்பிலேயே திருத்திவிட்டேன். ஆண்டு கழித்து, அதே பாத்தி அடுத்தடுத்த பருவங்களிலும் அதிகமாகவே தந்திருந்ததைப் பார்த்தபோது, ஓய்வுபெறும் நிலையில் இருந்த எங்கள் மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "ஏனுங்க சார், அந்த எடத்துலதானுங்க முன்ன ஆட்டுப்பட்டி போட்டிருந்தாங்க" என்றார். பரிசோதனை தொடங்குவதற்கு முன்பு பண்ணை ஆடுகளை அடைத்த இடம். இருபது முப்பது ஆண்டு அந்தப் பாத்தி அந்தச் சத்தை வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் "திருத்தம்" என்று மாற்றிவிட்ட அந்த மூல எண்தான் சரியான எண். இப்போது எங்கள் கோப்பில் மூல எண்ணை யாரும் தொடக் கூடாது; திருத்தம் வேண்டுமென்றால் தனிப் பத்தியில் திருத்திய எண், காரணம், திருத்தியவர், தேதி நான்கையும் எழுத வேண்டும்.

அதே மேஸ்திரிதான் இன்னொரு பெரிய விபத்திலிருந்தும் காப்பாற்றினார். வயல் வரைபடத்தில் திசை குறிக்கப்படவில்லை. நாங்கள் வழக்கம்போல மேலே வடக்கு என்று வைத்து, சாலையோரமாக இருக்கும் பாத்தியை 1 என்று கொண்டிருந்தோம். மண் மாதிரி எடுக்கப் போனபோது, "சார், எண்ணு கெணத்துப் பக்கமிருந்துதானுங்க ஆரம்பிக்கோணும், ரோடு அப்பறம் போட்டதுங்க" என்றார். சாலை வந்த பிறகு யாரோ ஒருவர் சாலைப் பக்கமிருந்து எண்ணத் தொடங்கி, சில ஆண்டுகளுக்குப் பின் இன்னொருவர் பழையபடி மாற்றியிருக்கிறார். எந்த ஆண்டு எந்தப் பக்கம் என்பதை, உரமிடாத பாத்தியின் விளைச்சல் எங்கே கிடக்கிறது என்பதை வைத்து ஆண்டு ஆண்டாகத் தீர்மானிக்க வேண்டியதாயிற்று. அவர் ஓய்வுபெறுவதற்கு முந்தைய வாரம், வயலைச் சுற்றி நடந்தபடி அவர் சொன்னதை எல்லாம் கைபேசியில் பதிவு செய்தேன். இரண்டு மணி நேரம். பிறகு நான்கு மூலைகளிலும் கல் நட்டு, அவற்றின் ஜிபிஎஸ் அளவைக் கோப்பில் சேர்த்தோம். கல்லும் பிடுங்கப்படலாம் என்பதால், கிணற்றின் கைப்பிடிச் சுவரிலிருந்து நாடா பிடித்த தூரத்தையும் எழுதி வைத்திருக்கிறோம்.

அளவைகள் தனிக் கதை. மெட்ரிக் முறை நாட்டில் படிப்படியாக வந்து 1962 வாக்கில் முழுமையானது. அதற்கு முந்தைய பதிவேடுகளில் ஏக்கருக்கு இத்தனை பவுண்டு என்று இருந்தால் சிக்கல் இல்லை, 1.12 ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்குக் கிலோ. ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் மணங்கு என்னும் பழைய எடைக் கணக்கில் எழுதியிருந்தார்கள். சென்னை மணங்கு என்பது 8 வீசை, அதாவது 25 பவுண்டு. வடக்கே வழங்கியதும் அரசு ஏற்றதுமான மணங்கு 82 பவுண்டுக்குச் சற்று அதிகம். உரமிடாத பாத்தியில் ஏக்கருக்கு 8 மணங்கு என்றால், முதலாவதின்படி ஹெக்டேருக்கு 224 கிலோ. இரண்டாவதின்படி 738 கிலோ. இரண்டுமே நம்பக்கூடிய எண்கள், அதுதான் தொல்லை. கடைசியில் கிடங்கின் இருப்புப் பதிவேட்டைத் தேடி எடுத்தோம். பரிசோதனை வயலிலிருந்து வந்த மொத்தத் தானியத்தை அங்கே பவுண்டில் எழுதியிருந்தார்கள். பாத்திகளைக் கூட்டிப் பார்த்ததில் பெரிய மணங்குதான் என்று உறுதியாயிற்று. கிடங்குக் கணக்கு அறிவியல் ஆவணம் அல்ல என்று யாரும் அதைப் பாதுகாக்கச் சொல்லவில்லை. ஆனால் அது இல்லையென்றால் அந்த மூன்று ஆண்டுகளும் இல்லை. தொழு உரத்தை "ஏக்கருக்கு 10 வண்டி" என்று எழுதியிருப்பதை மட்டும் எடையாக மாற்ற நாங்கள் முயலவில்லை. வண்டி என்பதை வண்டி என்றே வைத்திருக்கிறோம்.

பெயர் மாறாமல் பொருள் மாறிவிடுவது இதைவிட நுட்பமான கண்ணி. எங்கள் பதிவேடுகளில் முதல் ஆண்டிலிருந்து இன்றுவரை "தழைச்சத்து மட்டும்" என்ற பாத்தி இருக்கிறது. தொடக்கத்தில் அந்தத் தழைச்சத்தை அம்மோனியம் சல்பேட்டாகக் கொடுத்தார்கள். பிற்காலத்தில் யூரியாவுக்கு மாறினார்கள். அம்மோனியம் சல்பேட்டில் தழைச்சத்து 21 சதவீதம், கந்தகம் 24 சதவீதம். ஹெக்டேருக்கு 60 கிலோ தழைச்சத்து தரச் சுமார் 285 கிலோ அம்மோனியம் சல்பேட் வேண்டும். அதோடு யாரும் கேட்காமலே 68 கிலோ கந்தகமும் மண்ணுக்குப் போய்விடும். யூரியாவில் கந்தகமே இல்லை. ஆகவே அந்தப் பாத்தியின் பெயர் ஒன்று. ஆனால் பாத்தி இரண்டு. மாறிய ஆண்டு எதுவென்று எங்கள் ஆண்டறிக்கைகளில் இல்லை. உர மூட்டைகள் வாங்கிய ரசீதுப் புத்தகத்தில் இருந்தது. மணிச்சத்தை ஆக்சைடாக (ஆக்சிஜனும் சேர்ந்த எடையாக) கணக்கிட்டார்களா, தனிமமாக (பாஸ்பரஸின் எடையாக மட்டும்) கணக்கிட்டார்களா என்பதும் இதே வகை. 60 கிலோ என்பது ஆக்சைடுக் கணக்கானால் தனிமக் கணக்கில் 26 கிலோதான். தரவைக் கேட்டு எழுதும் வெளிநாட்டவர் பெரும்பாலும் தனிமக் கணக்கில் வேலை செய்பவர். நாம் சொல்லாவிட்டால் அவர் நம் மண்ணுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் உரமிட்டதாகக் கொள்வார்.

மண் ஆய்வு எண்களும் அப்படியே. கரிமச்சத்தை வாக்லி பிளாக் என்னும் வேதி ஆய்வு முறையில் பார்த்தால், அது மண்ணிலுள்ள கரிமத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கைத்தான் பிடிக்கும். அதை ஈடுசெய்ய 1.3 ஆல் பெருக்குவது வழக்கம். ஆய்வகத்தில் ஒருவர் பெருக்கி எழுதியிருக்கிறார், ஒருவர் பெருக்காமல் எழுதியிருக்கிறார். உலர் எரிப்புக் கருவி வந்த பிறகு அந்தப் பெருக்கலே தேவையில்லை. மூன்றையும் ஒரே வரைபடத்தில் கோர்த்தால், எந்த உரமும் போடாத பாத்தியில்கூடக் கரிமச்சத்து பிரமாதமாக உயர்ந்திருப்பதாகத் தெரியும். அதைப் பார்த்து ஒருவர் காலநிலைத் திட்டத்துக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்கியதையும் நான் கண்டிருக்கிறேன். எங்களைப் போன்ற சுண்ணாம்பு கலந்த கார மண்ணில் மணிச்சத்தை ஓல்சன் முறையில் பார்க்க வேண்டும்; ப்ரே முறையின் அமிலத்தைச் சுண்ணாம்பு முறித்துவிடும் என்பதால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. இடையில் ஏழு ஆண்டுகள் ப்ரே முறையில் பார்த்திருந்தார்கள். அந்த எண்களை அழிக்கவில்லை. முறையின் பெயரோடு தனிப் பத்தியில் வைத்தோம். மண்ணின் பரும அடர்த்தியை (ஒரு கன சென்டிமீட்டர் மண்ணின் உலர் எடை, கிராமில்) மட்டும் நாற்பது ஆண்டுகள் யாருமே அளக்கவில்லை. மேல் 15 சென்டிமீட்டர் மண்ணில் கரிமம் 0.5 சதவீதம் என்று தெரிந்தாலும், அடர்த்தி 1.3 என்றால் ஹெக்டேருக்கு 9.75 டன், 1.5 என்றால் 11.25 டன். அந்த இடைவெளி பல உர முறைகளின் விளைவைவிடப் பெரியது. ஒரு உருளையும் ஒரு அடுப்பும் இருந்தால் போதும் என்ற அளவை விட்டுவிட்டதற்கு இப்போது வருந்தி என்ன செய்ய?

மண் மாதிரிகளைப் பற்றிப் பேசினாலே ராதம்ஸ்டெட்டின் மாதிரிக் காப்பகத்தை நினைத்துப் பெருமூச்சு வரும். அங்கே 1843 முதல் சேர்த்த தானியம், வைக்கோல், மண், உரம் என்று சுமார் 3 லட்சம் மாதிரிகள் இருக்கின்றன. உலகப் போர்க் காலத்தில் கண்ணாடிப் புட்டி கிடைக்காதபோது காப்பித் தூள், பால்மாவு வந்த தகர டப்பாக்களில் போட்டு வைத்தார்களே தவிர, எடுப்பதை நிறுத்தவில்லை. தொடக்கத்தில் வைத்தவர்களுக்கு டிஎன்ஏ என்ற சொல்லே தெரியாது. ஆனால் 2005 இல் வெளியான ஓர் ஆய்வில், அந்தப் பழைய கோதுமை மாதிரிகளிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, இரண்டு இலைநோய்ப் பூஞ்சைகளின் விகிதம் ஒன்றரை நூற்றாண்டில் எப்படி மாறியது என்று பார்த்தார்கள்; அது காற்றில் கலந்த கந்தக டை ஆக்சைடின் ஏற்றத்தாழ்வோடு ஒத்துப்போனது. 2008 இல் அதே தானியங்களை வைத்து, 1960களின் நடுப்பகுதி வரை நிலையாக இருந்த துத்தநாகம், இரும்பு, செம்பு, மக்னீசியம் ஆகியவற்றின் அளவு குட்டை ரகங்கள் வந்த பின் குறைந்ததைக் காட்டினார்கள். எண்களை மட்டும் வைத்திருந்தால் இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டே இருக்க முடியாது. எங்கள் நிலையத்தில் மாதிரிகள் பாலித்தீன் பைகளில் இருந்தன. பைக்கு வெளியே ஒட்டிய காகிதச் சீட்டுகளில் பாதியை எலி தின்றுவிட்டது. சீட்டு இல்லாத மண் வெறும் மண்தான். வேறு வழியில்லாமல் அந்த மூட்டைகளைப் பூந்தொட்டிகளுக்குக் கொட்டினோம். இப்போது மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில், பென்சிலில் எழுதிய ஒரு சீட்டு உள்ளே, அதே விவரம் வெளியே, இரண்டையும் சேர்த்து ஒரு பதிவேடு என்று வைக்கிறோம். பால்பாயின்ட் மையைவிடப் பென்சில் நீடிக்கும். ஆய்வகக் கருவிகள் துப்பும் பளபளப்பான ரசீதுத் தாள்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் வெளுத்துவிடும். அன்றன்றே நகலெடுக்காவிட்டால் அவற்றை ஒட்டி வைத்த நோட்டில் பசை மட்டும்தான் மிஞ்சும்.

கணினிக் கோப்புகள் காகிதத்தைவிட நீண்டநாள் வாழும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பீரோவில் ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பிகள் பதினான்கு இருந்தன. அவற்றில் எதையும் எங்களால் படிக்க முடியவில்லை. அதே தரவை டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியில் எடுத்த நீளக் காகிதக் கட்டு, ஓரத் துளைகளோடு அப்படியே படிக்கக் கிடைத்தது. அதனால் இப்போது எங்கள் மூலக் கோப்புகள் எந்த மென்பொருளிலும் திறக்கும் எளிய சிஎஸ்வி வடிவில் இருக்கின்றன. மூன்று படிகள், அதில் ஒன்று வேறு ஊரில். ஆண்டுக்கு ஒருமுறை அச்சிட்டுத் தைத்தும் வைக்கிறோம். இதற்காகக் கேலி செய்பவர்கள் உண்டு.

பகிர்வது பற்றி நிலையத்தில் நடந்த வாக்குவாதம் இரண்டு ஆண்டு நீண்டது. வேறு மாநிலத்து ஆராய்ச்சி மாணவி ஒருவர், மண் கரிமத்தைக் கணிக்கும் கணினி மாதிரியைச் சோதிக்க எங்கள் விவரம் வேண்டும் என்று கடிதம் எழுதினார். நம் உழைப்பை அவர்கள் வெளியிட்டுப் பெயர் வாங்கிக்கொள்வார்கள் என்பது ஒரு பக்கம். பிழை இருந்தால் மானம் போகும் என்பது, யாரும் வாய்விட்டுச் சொல்லாத மறுபக்கம். இரண்டாவது அச்சம்தான் பெரிது என்பது என் கணிப்பு. அதற்கு நான் சொன்ன பதில் ஃபிஷரைப் பற்றியது. பிராட்பால்க் வயலில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் எழுதிச் சேர்த்த எண்கள் ராதம்ஸ்டெட்டில் குவிந்து கிடந்தன. 1919 இல் ஆர். ஏ. ஃபிஷர் என்ற இளம் கணித அறிஞரை அழைத்து அவற்றைக் கையில் கொடுத்தார்கள். விளைச்சலின் மெதுவான ஏற்ற இறக்கங்களை மழையாலும் மண் தேய்வாலும் மட்டும் விளக்க முடியாது, களைகளுக்கு அதில் பங்குண்டு என்று வயலுக்கே புதியவரான அவர் 1921 இல் கண்டு சொன்னார். வயலில் நின்றவர்களுக்குத் தெரியாததை எண்களோடு உட்கார்ந்தவர் பார்த்தார்.

முடிவில் ஒரு சமரசம் எட்டினோம். கடைசி ஐந்து ஆண்டுகளின் விவரம் நிலையத்திலேயே இருக்கும். அதற்கு முந்தையது முழுதும் வெளியே போகும். மேற்கோள் காட்டினால் யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு, பொதுக் காப்பகத்தில் நிரந்தர அடையாள எண் பெற்று ஏற்றினோம். தொகுத்தோர் பட்டியலில், பதிவேட்டில் கையொப்பமிட்ட பண்ணை மேலாளர்களையும் சேர்த்தோம்; அதைப் பார்த்த பிறகுதான் எதிர்த்தவர்கள் சிலர் இறங்கிவந்தார்கள். தரவோடு ஒரு விளக்கக் குறிப்பு போகிறது. பதினெட்டுப் பக்கம். அட்டவணையைவிட அதைத் தயாரிக்கத்தான் அதிக நாள் பிடித்தது. பாத்தியின் அளவு என்ன, ஓர வரிசைகளை விட்டுவிட்டு அறுத்தார்களா, தானியத்தை எந்த ஈரப்பதத்தில் எடை போட்டார்கள், ரகம் எந்த ஆண்டு மாறியது, எந்த ஆண்டு பயிரே வைக்கவில்லை, ஏன், என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

ஏற்றிய நான்காம் மாதமே அந்த மாணவியிடமிருந்து மடல் வந்தது. ஓர் ஆண்டின் மழை அளவு அருகிலுள்ள வேறு நிலையங்களோடு ஒத்துப்போகவில்லை, முந்தைய ஆண்டின் மழையை அப்படியே திரும்ப எழுதியிருப்பது போலத் தெரிகிறது என்றார். பதிவேட்டைத் திறந்து பார்த்தோம். அவர் சொன்னது சரி. இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்ததில், தட்டச்சு செய்தவர் ஒரே பக்கத்தை இருமுறை அடித்திருந்தார். எங்களில் மூவர் சரிபார்த்தும் கண்ணில் படாதது. திருத்திய பதிப்பை இரண்டாம் பதிப்பு என்று எண்ணிட்டு ஏற்றி, முதல் பதிப்பையும் அழிக்காமல் வைத்தோம். முதல் பதிப்பை வைத்து யாராவது எழுதியிருந்தால் எந்த எண்ணை வைத்து எழுதினார் என்பது தெரிய வேண்டுமல்லவா? அதே ஆண்டு மழைக்காலத்தில் அலுவலகக் கூரை ஒழுகி எங்கள் கணினி நனைந்துபோனது. வெளியே கொடுத்திருந்த படியைத்தான் திரும்ப இறக்கிக்கொண்டோம்.

இன்னும் தீராத ஒன்று உண்டு. ஒரு பதிவேட்டில், அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு, மூன்று பாத்திகளின் பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில் "ப" என்று ஒற்றை எழுத்து இருக்கிறது. பயிர் பாதிப்பா, பசுந்தாள் உரமா, பதர் மிகுதியா, பரிசோதகரின் பெயரெழுத்தா என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள். மேஸ்திரியைத் தேடி அவர் ஊருக்கே போய்க் கேட்டேன்; தன் காலத்துக்கு முந்தையது என்று சொல்லிவிட்டு மோர் கொடுத்தார். தட்டச்சு செய்யும் தம்பி அந்தப் பத்தியை நீக்கிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். "குறிப்பு" என்ற பத்தியில், அந்த மூன்று பாத்திகளுக்கு நேரே, "ப" என்றே இருக்கிறது.